முதல் ரயிலுக்கு முன்பே கிளம்புகிறவனுக்கு ஒரு பைக்

எங்கள் வாலிபர் ஐக்கியத்தில் ஒரு தம்பி இருக்கிறான். வீடு பாசிர் ரிஸ். வேலை துவாஸில். சிங்கப்பூர் வரைபடத்தை எடுத்துப் பார்த்தால் ஒன்று கிழக்கு முனை, மற்றொன்று மேற்கு முனை. எம்ஆர்டி கிழக்கு மேற்குப் பாதையில் அவன் ஏறும் நிலையமும் கடைசி நிலையம், இறங்கும் நிலையமும் கடைசி நிலையம். காலை ஏழு மணி ஷிப்டுக்கு முதல் ரயிலைப் பிடித்தாலும் நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது. கம்பெனி பஸ்ஸும் அவன் பக்கம் வருவதில்லை.

மூன்று வருடமாக அவன் 150 சிசி பைக்கில்தான் போய் வருகிறான். போக வர நாளுக்கு ஏறக்குறைய 90 கிலோமீட்டர். சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது சொன்னான்: "2ஏ பாஸ் பண்ணிட்டேன் அண்ணா. பெரிய பைக் வாங்கப் போறேன். சூப்பர் ஃபோர்."

சூப்பர் ஃபோர் என்றால் இங்கே பைக் ஓட்டும் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. ஹோண்டா சிபி400. 399 சிசி, நான்கு சிலிண்டர். ஓட்டுநர் பள்ளியில் 2ஏ படிக்கும்போது பலர் ஏறிப் பழகியதும் அதுதான். 2022-ல் ஹோண்டா அதன் தயாரிப்பை நிறுத்தியது. அதன் பிறகு ஆசை இன்னும் கூடிவிட்டது. நாங்கள் மூன்று பேர் அவனோடு சேர்ந்து பைக் தேடக் கிளம்பினோம். எங்கள் சபையில் முப்பது வருடம் மோட்டார்சைக்கிள் பட்டறை நடத்தி ஓய்வு பெற்ற அங்கிள் ஒருவரும் வந்தார். அந்த ஆறு வாரத்தில் நாங்கள் கற்றுக்கொண்டதை உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இதை எழுதுகிறோம்.

தேவையா, ஆசையா?

அங்கிள் கேட்ட முதல் கேள்வி விலையைப் பற்றியதல்ல. "ஏம்பா, இருக்கிற வண்டி போதாதா?" என்றார்.

நியாயமான கேள்விதான். நம்மில் பலர் 2பி எடுத்து ஒரு வருடம் ஆனதும் 2ஏ, பிறகு கிளாஸ் 2 என்று ஏணி ஏறுகிறோம். 2பி என்றால் 200 சிசி வரை, 2ஏ என்றால் 400 வரை, அதற்கு மேல் கிளாஸ் 2. லைசென்ஸ் கிடைத்துவிட்டது என்பதற்காகவே வண்டியையும் மாற்ற வேண்டும் என்று கட்டாயமில்லை. அங் மோ கியோவிலிருந்து தோ பாயோவுக்கு வேலைக்குப் போகிறவருக்கு 150 சிசியே தாராளம்.

தம்பியின் நிலை வேறு. அவன் பயணத்தில் பெரும்பகுதி விரைவுச்சாலை. பக்கத்தில் டிரெய்லர் லாரி கடக்கும்போது சின்ன பைக் காற்றில் தள்ளாடும். ஒதுங்கிப் போக வேகம் கூட்டலாம் என்றால் என்ஜின் ஏற்கெனவே முழு மூச்சில் ஓடிக்கொண்டிருக்கும். கொஞ்சம் எடையும் கைவசம் கொஞ்சம் வலுவும் உள்ள வண்டி அவனுக்கு உண்மையாகவே தேவை. அங்கிள் ஒப்புக்கொண்டார். ஆனால், "400 வேணும், சரி. சூப்பர் ஃபோர்தான் வேணுமா?" என்று இன்னொரு கேள்வியைப் போட்டுவிட்டுப் போனார்.

மாதக் கணக்கு

மற்ற நாடுகளில் பழைய பைக் வாங்குகிறவர்கள் ஓடிய கிலோமீட்டரைத்தான் முதலில் பார்ப்பார்கள். இங்கே முதலில் பார்க்க வேண்டியது சிஓஇ எனும் வாகன உரிமைச் சான்றிதழ். அது பத்து வருடத்துக்கு. மோட்டார்சைக்கிளுக்கான 'டி' பிரிவுச் சான்றிதழ் விலை 2022-ல் முதன்முறையாக 10,000 வெள்ளியைத் தாண்டியது. ஆகவே பழைய பைக்குக்கு நாம் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி இரும்புக்கு அல்ல, அந்தச் சான்றிதழில் மீதமிருக்கும் மாதங்களுக்குத்தான்.

தம்பி கண்டுபிடித்த சூப்பர் ஃபோரின் விலை 4,800 வெள்ளி. "எவ்வளவு மலிவு பாருங்க!" என்று குதித்தான். சிஓஇ மீதம் 20 மாதம். அதே வாரம் நாங்கள் பார்த்த இன்னொரு வண்டி ஹோண்டா சிபி400எக்ஸ். அதுவும் 399 சிசிதான், ஆனால் இரண்டு சிலிண்டர். நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும் வண்டி. விலை 11,800. மீதம் 62 மாதம்.

அங்கிள் பேனாவை எடுத்தார். 4,800-ஐ 20-ஆல் வகுத்தால் மாதம் 240 வெள்ளி. 11,800-ஐ 62-ஆல் வகுத்தால் மாதம் 190. மலிவாகத் தெரிந்த வண்டிதான் விலை அதிகம்!

இருபது மாதம் முடிந்ததும் என்ன ஆகும்? வண்டியை அழிக்கக் கொடுக்க வேண்டும், அல்லது கடந்த மூன்று மாதச் சராசரி ஏலத் தொகையைக் கட்டிப் பத்து வருடத்துக்கோ, அதில் பாதியைக் கட்டி ஐந்து வருடத்துக்கோ சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டும். ஐந்து வருடம் எடுத்தால் மறுபடி புதுப்பிக்க முடியாது. எப்படியானாலும் பெரிய தொகை ஒன்று காத்திருக்கிறது.

அடுத்தது பெட்ரோல். தம்பி மாதம் சுமார் 2,000 கிலோமீட்டர் ஓட்டுகிறான். அங்கிளின் அனுபவக் கணக்குப்படி நான்கு சிலிண்டர் லிட்டருக்கு 20 கிலோமீட்டர் கொடுத்தால் மாதம் 100 லிட்டர். இரண்டு சிலிண்டர் 27 கொடுத்தால் 74 லிட்டர். பழைய 150-க்கு 50 லிட்டர் போதும். எந்த 400 வாங்கினாலும் செலவு கூடத்தான் செய்யும். எவ்வளவு கூடும் என்பதை வாங்கும் முன் தெரிந்துகொள்வதுதான் புத்தி. கோபுரம் கட்ட உட்கார்ந்து கணக்குப் பார்த்தவனின் உவமையை ஞாயிறு பள்ளியில் எத்தனை முறை கேட்டிருப்போம்! அன்று வீவக புளோக்கின் கீழே கல் மேசையில் உட்கார்ந்துதான் அதன் அர்த்தம் எங்களுக்குப் புரிந்தது.

காப்புறுதியையும் விட்டுவிடாதீர்கள். வயது, அனுபவம், என்ஜின் அளவு எல்லாவற்றையும் பார்த்துத்தான் தொகை சொல்வார்கள். வண்டியைப் பேசி முடித்த பிறகு விசாரித்து அதிர்ச்சி அடைந்தவர்களை எங்களுக்குத் தெரியும். முதலில் காப்புறுதி விலை, பிறகுதான் முன்பணம்.

சூப்பர் ஃபோர் சொன்ன உண்மை

கணக்கு தெளிவாகிவிட்டது. ஆனாலும் தம்பியின் மனம் கேட்கவில்லை. "ஒரு தடவை பார்த்துட்டு வந்துடலாம்" என்றான். போனோம். பளபளவென்று மெழுகு பூசி நின்றது. விற்பவர் ஒரு இளைஞர். "விழுந்ததே இல்லை, புரோ" என்றார்.

அங்கிள் வண்டியைச் சுற்றி நடக்கவில்லை. நேராகப் போய் என்ஜினுக்கு அருகே உள்ளங்கையைக் காட்டினார். சூடாக இருந்தது. "நாங்க வர்றதுக்கு முன்னாடியே ஸ்டார்ட் பண்ணிட்டீங்களா தம்பி?" என்று சிரித்தார். குளிர்ந்த என்ஜின் முதல் முறை உயிர் பெறும்போதுதான் அதன் நோயெல்லாம் வெளியே வரும்: கிளம்பத் தயங்குவது, புகை, செயின் உரசுவது போன்ற கடகட சத்தம். ஆகவே பார்க்கப் போகும்போது, "நாங்கள் வரும்வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பிறகு ஹேண்டிலை முழுதாக இரு பக்கமும் திருப்பினார். அதற்கு மேல் திரும்பாமல் தடுக்கும் இரும்பு முனை சட்டத்தின் கழுத்தருகே இருக்கும். ஒரு பக்க முனை நசுங்கியிருந்தது. பளபளப்பான பெயின்ட் புதிதாக வாங்கலாம். அந்த முனையை யாரும் மாற்றுவதில்லை. வண்டி பலமாக விழுந்திருக்கிறது. விற்பவர் பேசவில்லை. நாங்களும் சண்டை போடவில்லை. நன்றி சொல்லிவிட்டுத் திரும்பினோம். தம்பி வழியெல்லாம் மௌனமாக வந்தான்.

அங்கிள் சரிபார்க்கச் சொன்ன மற்றவை இவை:

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் தயாரானது. பள்ளம் ஆழமாக இருந்தாலும் பழைய ரப்பர் மழையில் வழுக்கும்.

பின் சக்கரப் பல்சக்கரத்தின் பற்கள் சுறா மீனின் துடுப்பு போல ஒரு பக்கம் வளைந்திருந்தால் செயினும் அதுவும் சேர்த்து மாற்ற வேண்டும்.

முன் ஃபோர்க்கில் எண்ணெய்க் கசிவு, பிரேக் தட்டின் ஓரத்தில் விரலுக்குத் தட்டுப்படும் விளிம்பு, கால்மிதியின் முனையில் உரசல் இவற்றையெல்லாம் பாருங்கள்.

மல்டிமீட்டர் ஒன்று கொண்டு போங்கள். என்ஜின் அணைந்திருக்கும்போது பேட்டரி 12.6 வோல்ட் அருகே இருக்க வேண்டும். ஓடும்போது 14 அருகே ஏற வேண்டும். ஏறாவிட்டால் மின்னேற்றத்தில் கோளாறு.

சட்டத்தில் பொறித்த எண்ணும் பதிவில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று ஒவ்வொரு எழுத்தாகப் பாருங்கள். மூன்று வருடத்துக்கு மேற்பட்ட மோட்டார்சைக்கிளுக்கு வருடந்தோறும் பரிசோதனை உண்டு. அடுத்தது எப்போது என்று கேளுங்கள். கடன் பாக்கி இருந்தால், அடைத்ததற்கான கடிதத்தைக் கேளுங்கள்.

ஓட்டிப் பார்க்க ஆசையாக இருக்கும். ஆனால் உங்களுக்குக் காப்புறுதி இல்லாத வண்டியைச் சாலையில் ஓட்டுவது குற்றம். விற்பவரே ஓட்டட்டும், நீங்கள் பின்னால் போய்ப் பாருங்கள். அல்லது நீங்கள் நம்பும் பட்டறையில் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள். சம்மதிக்காத வண்டியை விட்டுவிடுங்கள். "இன்னொருத்தர் வர்றார், உடனே 500 அனுப்புங்க" என்று அவசரப்படுத்தும் வண்டியையும் விட்டுவிடுங்கள்.

நாம் விற்கும்போது?

சிபி400எக்ஸ் எல்லாவற்றிலும் தேறியது. செயின் தேய்ந்திருந்ததைக் காட்டினோம். விலை 11,500-க்கு வந்தது. தம்பியின் சேமிப்பு 9,000. தங்கை அடுத்த வருடம் பாலிடெக்னிக் போகிறாள், அதற்கு வைத்திருந்ததைத் தொடக்கூடாது என்பது வீட்டில் பேசி வைத்த முடிவு. கடனும் வேண்டாம் என்றிருந்தான். ஆக, பழைய 150-ஐ விற்றால்தான் முடியும்.

அந்த வண்டி எண்ணெய் குடித்துக்கொண்டிருந்தது. ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு முறை ஊற்ற வேண்டும். வெளியே பார்த்தால் தெரியாது. வாங்க வந்தவன் அப்போதுதான் 2பி பாஸ் செய்த பையன். 4,200-க்குச் சம்மதித்துவிட்டான். என்ஜினைத் தொட்டுப் பார்க்க அவனோடு ஓர் அங்கிள் வரவில்லை.

தம்பி எங்களைப் பார்த்தான். நாங்கள் தரையைப் பார்த்தோம். உண்மையைச் சொன்னால் விலை குறையும், குறைந்தால் ரைடிங் ஜாக்கெட்டுக்கு என்று ஒதுக்கிய பணம் போய்விடும் என்று எங்களுக்குத் தெரியும். இரண்டு வாரத்துக்கு முன் நசுங்கிய இரும்பு முனையைப் பார்த்துக் கோபப்பட்டதும் நாங்கள்தான்.

"இது ஆயில் குடிக்கும் புரோ. பிஸ்டன் ரிங் மாத்தணும்னு நினைக்கிறேன்" என்று தம்பியே சொல்லிவிட்டான். அந்தப் பையன் கொஞ்ச நேரம் யோசித்தான். 3,700 என்றான். தம்பி சரி என்றான். இதைப் பெரிய சாட்சியாக எழுத வேண்டாம் என்று அவன் கேட்டுக்கொண்டான். ஆகவே இத்தோடு நிறுத்திக்கொள்கிறோம்.

பெயர் மாற்றம் எளிது. புது உரிமையாளர் பெயரில் காப்புறுதி முதலில் தயாராக இருக்க வேண்டும். நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒன்மோட்டரிங் தளத்தில் விற்பவர் தொடங்க, வாங்குபவர் சிங்பாஸ் வழியாக ஒப்புக்கொண்டால் முடிந்தது. இரண்டு பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்து, மாற்றம் உறுதியானதைத் திரையில் பார்த்த பிறகு முழுப் பணத்தையும் கொடுப்பது நல்லது.

அம்மாவின் நிபந்தனை

ஒருவரைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. தம்பியின் அம்மா. அவர் தம்பி, அதாவது இவன் தாய்மாமா, இளவயதில் பைக்கில் விழுந்து இன்றும் காலை இழுத்துத்தான் நடக்கிறார். "சின்ன வண்டிக்கே ராத்திரி தூக்கம் வரலை, இப்போ பெரிசா?" என்று ஆன்ட்டி எங்களிடமே கேட்டார். பெரிய வண்டி ஏன் பாதுகாப்பு என்று விளக்க முயன்றோம். அவர் கேட்டுக்கொள்ளவில்லை. அவர் பயம் கணக்குப் போட்டுத் தீர்க்கிற பயம் அல்ல.

கடைசியில் மூன்று நிபந்தனை வைத்தார். பூட்டும் பிரேக்கில் சறுக்காத ஏபிஎஸ் வேண்டும். பெருமழை என்றால் மேம்பாலத்துக்குக் கீழே ஒதுங்கி நிற்க வேண்டும், ஷிப்டுக்குத் தாமதமானாலும் பரவாயில்லை. போய்ச் சேர்ந்ததும் செய்தி அனுப்ப வேண்டும். நாங்கள் வாங்கிய வண்டியில் ஏபிஎஸ் இருந்தது. மற்ற இரண்டும் அவன் கையில்.

ஜாக்கெட்? காப்புறுதி, செயின், சர்வீஸ் எல்லாம் போக அதற்குப் பணம் மிஞ்சவில்லை. அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தான். வண்டி வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் ஆன்ட்டி ஒரு பையை மேசை மேல் வைத்தார். முழங்கையிலும் தோளிலும் கவசம் வைத்த ஜாக்கெட், கையுறை. ஒரு வார்த்தை பேசவில்லையாம். அளவு மட்டும் கொஞ்சம் பெரிது.

இப்போதெல்லாம் காலை ஆறே முக்காலுக்கு ஆன்ட்டியின் கைப்பேசியில் ஒரே செய்திதான் வரும்: "வந்துட்டேன்மா." ஒரு நாள் மழையில் ஒதுங்கி நின்று ஏழு இருபதுக்கு வந்ததாம். அந்த முப்பத்தைந்து நிமிடம் அவர் தேநீர் போட்டும் குடிக்கவில்லை.

பைக் வாங்க நினைக்கும் தம்பி, தங்கைகளே, தனியாகப் போகாதீர்கள். என்ஜினில் கை வைத்துப் பார்க்கத் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். நம் சபையிலேயே இருக்கிறார், தேநீர் மேசையில் கேட்டுப் பாருங்கள். ஓட்டத் தொடங்கிய பின் போய்ச் சேர்ந்த செய்தியை அனுப்ப மறக்காதீர்கள்.