சத்தம் காட்டாத பிள்ளைகளும் எம்.ஆர்.ஐ. படங்களும்

ஆட்டிசம் இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடும் ஸ்கேன் இன்றுவரை எந்த ஊரிலும் கிடையாது. தூத்துக்குடியிலும் இல்லை, அமெரிக்காவிலும் இல்லை. முதலிலேயே இதைச் சொல்லக் காரணம் உண்டு. மகளின் போக்கில் ஏதோ வேறுபாடு தெரிகிறது என்று ஒரு தாய் வாயைத் திறந்தால், ‘தலையை ஸ்கேன் எடுத்தால் தெரிந்துவிடும்’ என்று சொல்ல உறவில் ஒருவர் தவறாமல் இருப்பார். கடலுக்குப் போகிற வீட்டிலும் உப்பளத்துக்குப் போகிற வீட்டிலும் ஸ்கேனுக்குக் கட்டுவது சும்மா வந்த பணமில்லை.

மருத்துவர் எம்.ஆர்.ஐ. எழுதிக்கொடுத்தால் பெரும்பாலும் வேறு காரணம் இருக்கும். வலிப்பு வந்திருக்கலாம், தலையின் சுற்றளவு வயதுக்கு ஒவ்வாமல் இருக்கலாம், வந்த பேச்சு திரும்பப் போயிருக்கலாம். இவற்றில் எதுவும் இல்லாமல் ஆட்டிசத்தைப் பார்க்க மட்டும் என்றால், ‘எதற்காக டாக்டர்?’ என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. ஆட்டிசம் உள்ள பலருக்கும் சாதாரண எம்.ஆர்.ஐ. அறிக்கையில் ‘நார்மல்’ என்றே வரும். செலவைவிடப் பெரிய கேடு அந்தச் சொல்தான். அதை நம்பி வீட்டார் பயிற்சியைத் தள்ளிப்போட்டு விடுகிறார்கள்.

எம்.ஆர்.ஐ.யில் கதிர்வீச்சு இல்லை. ஆனால் குழாய்க்குள் இரைச்சல் பலமாக இருக்கும். சத்தம் தாங்காத பிள்ளைக்கு அதுவே தண்டனை. அசையாமல் படுக்க முடியாத சிறுமிக்கு மயக்க மருந்து கொடுப்பார்கள், அதற்கென்று தனி ஆபத்துகள் உண்டு. மூக்குத்தி, கொலுசு, சேஃப்டி பின், கழுத்தில் கிடக்கும் சுரூபம், தாயத்து எல்லாவற்றையும் முன்னதாகவே கழற்றிவிட வேண்டும்.

செய்திகளில் அடிபடும் ஆய்வுகள் என்ன சொல்கின்றன? 2022இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் கௌஸ்துப் சுபேகர், வினோத் மேனன் குழுவினர் ஆட்டிசம் உள்ள 773 பிள்ளைகளின் மூளைப் படங்களைக் கணினியிடம் கொடுத்தார்கள். மூளையின் எந்தப் பகுதி எதனோடு சேர்ந்து இயங்குகிறது என்று காட்டும் படங்கள் அவை. படத்தை மட்டும் பார்த்து, இது ஆட்டிசம் உள்ள சிறுமி, இது சிறுவன் என்று 86 விழுக்காடு சரியாகப் பிரித்தது கணினி. உடலசைவு, மொழி, இடத்தை உணர்ந்து கவனிப்பது ஆகியவற்றுக்கான பகுதிகளில் வேறுபாடு தெரிந்தது. ஆட்டிசம் இல்லாத சிறுவர் சிறுமியரின் படங்களைக் கொடுத்தபோது அதே கணினியால் பிரிக்க முடியவில்லை. அதாவது ஆட்டிசம் பெண்பிள்ளைகளின் மூளையில் வேறு விதமாக அமைகிறது என்பதற்கு அது ஒரு சான்று. இந்த 86ஐ எடுத்துக்கொண்டு ‘ஸ்கேனில் 86 விழுக்காடு கண்டுபிடிக்கலாம்’ என்று யாராவது விளம்பரம் செய்தால் நம்ப வேண்டாம். கணினியிடம் கேட்ட கேள்வியே வேறு.

அந்த 773 பேரில் சிறுவர்கள் 637, சிறுமியர் 136. பெண்பிள்ளைகளைப் பற்றிய ஆய்விலேயே நிலவரம் இதுதான். 1943இல் லியோ கானர் ஆட்டிசத்தை விவரித்து எழுதிய கட்டுரையில் 11 பிள்ளைகள், அவர்களில் மூன்று பேர்தான் பெண்கள். அந்தச் சாய்வு இன்னும் தீரவில்லை. 2022இல் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் தங்கள் வாசலையே சோதித்துப் பார்த்தார்கள். ஆட்டிசம் என்று ஏற்கெனவே உறுதியானவர்களை ஆய்வில் சேர்க்கும் முன் வழக்கமாக இன்னொரு தேர்வு வைப்பார்கள். அந்தத் தேர்வு ஆண்களைவிடப் பெண்களை இரண்டரை மடங்குக்கும் மேலாக வெளியே தள்ளியிருந்தது. பெண்கள் குறைவு என்பதால் தேர்வு ஆண்களை வைத்தே அமைந்தது. தேர்வு அப்படி அமைந்ததால் பெண்கள் மேலும் குறைந்தார்கள்.

மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், அதை அறிவிக்கும் முன், கடலடிச் சிப்பித் திட்டுகளான பார்களிலிருந்து மாதிரிச் சிப்பிகளை எடுத்துவந்து, கிடைத்த முத்துகளை மதிப்புப் போட்டுப் பார்ப்பார்கள். ஒரே பாரில் எடுத்த மாதிரியை வைத்து எல்லாப் பாரையும் மதிப்பிட்டால் என்ன ஆகும்? மூளைப் படங்களிலும் இதே கதைதான். 2012இல் வெளியான ஆட்டிசம் மூளைப் படத் தொகுப்பு ஒன்றை ஆய்வாளர்கள் உலகெங்கும் எடுத்தாளுகிறார்கள். 1,112 பேரின் படங்கள் அதில் உள்ளன. 17 இடங்களில் சேகரித்தவை, எல்லாம் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும். அமலிநகர்ச் சிறுமிக்கும் மணப்பாட்டுச் சிறுமிக்கும் அதில் என்ன பங்கு என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

ஆட்டிசத்தில் ஆண், பெண் விகிதம் நாலுக்கு ஒன்று என்று நெடுநாள் சொல்லிவந்தார்கள். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2017 கணக்கு அதை மூன்றுக்கு ஒன்று என்று கொண்டுவந்தது. கணக்கில் வராத பெண்கள் வகுப்பில்தான் இருக்கிறார்கள். அப்படி ஒருத்தி ‘அடக்கமான பிள்ளை’, ‘அழுத்தக்காரி’ என்று பேர் வாங்கி, ஒரே ஒரு தோழியை நிழல்போலத் தொடர்ந்து, அவள் சிரித்தால் சிரித்து ஒப்பேற்றிவிடுவாள். ரயில் வண்டி எண்களை ஒப்பிக்கும் பையனை எல்லோரும் கவனிப்பார்கள். ஒரு நடிகரைப் பற்றியோ பூனைகளைப் பற்றியோ மட்டும் மணிக்கணக்கில் பேசும் பெண்ணை யார் கவனிக்கிறார்கள்? பனிமய மாதா திருவிழாக் கூட்டத்தில், மேளத்துக்கும் வெடிக்கும் நடுவே பல்லைக் கடித்து நின்றுவிட்டு, வீட்டுக்கு வந்ததும் வெடித்து அழுவாள். அதற்கு ‘கண்ணு பட்டுருச்சு’ என்று திருஷ்டி சுற்றிப் போடுவார்கள். பருவமடைந்தபின் சுமை கூடி மனச்சோர்வாகவும் பதற்றமாகவும் வெளிப்படும். கல்யாணம் பண்ணிவைத்தால் சரியாகிவிடும் என்பது இதில் ஆக மோசமான யோசனை. சொல்லத் தெரியாத, சொன்னாலும் நம்பப்படாத பெண்ணை ஏமாற்றுவதும் தொடுவதும் சிலருக்கு எளிது. குழந்தைகளுக்கான உதவி எண் 1098ஐ ஒவ்வொரு வீட்டிலும் எழுதி ஒட்டலாம்.

இன்னொரு சந்தையும் நடக்கிறது. கதிரியக்கம் கலந்த சர்க்கரையை ஊசியில் ஏற்றி எடுக்கும் பெட் ஸ்கேனின் ‘முன்’, ‘பின்’ வண்ணப் படங்களைக் காட்டி, ஸ்டெம் செல் ஏற்றினால் மூளை திருந்துகிறது என்பார்கள். படத்தின் சிவப்பும் நீலமும் கணினியில் தேர்ந்தெடுத்த நிறங்கள். ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் சிகிச்சையைப் பரிந்துரைக்க முடியாது என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறை வாரியம் 2022 டிசம்பரிலேயே சொல்லிவிட்டது. பணம் கொடுத்து ஏமாந்தவர்கள் ரசீதையும் விளம்பரத்தையும் பத்திரப்படுத்த வேண்டும். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணமில்லை. மருத்துவர்மீது தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலிலும் புகார் கொடுக்கலாம்.

ஆட்டிசத்தை உறுதிசெய்வது நேரில் பார்த்தும் பெற்றோரிடம் விசாரித்தும்தான். மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு மையத்தில் தொடங்கலாம். சான்றிதழுக்கு ஐ.எஸ்.ஏ.ஏ. என்ற இந்திய அளவுகோலைப் பயன்படுத்துகிறார்கள்: 40 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். மொத்தம் 70ஐ எட்டினால்தான் ஆட்டிசம் என்று கொள்வார்கள், 40 விழுக்காடு ஊனமும் அங்கேதான் தொடங்குகிறது. சலுகைகளில் பலவற்றுக்கு இந்த 40 விழுக்காடு வேண்டும். ஒப்பேற்றத் தெரிந்த பெண் சோதனை அறையில் சமர்த்தாக உட்கார்ந்து கோட்டுக்குக் கீழே நின்றுவிடுவாள். அதனால் வெறுங்கையோடு போகாதீர்கள். வீட்டில் நடப்பதைத் தேதியோடு எழுதிய நோட்டு, கைப்பேசியில் எடுத்த காணொளி, வகுப்பாசிரியரின் குறிப்பு ஆகியவற்றைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். அரசு விண்ணப்பங்களில் ‘புறஉலகச் சிந்தனையற்றோர்’ என்று அச்சடித்திருந்தால் மிரள வேண்டாம், ஆட்டிசத்தைத்தான் சொல்கிறார்கள் (எனக்குப் பிடிக்காத பெயர், பிள்ளைகளுக்கும் பிடிக்காது). சான்றிதழ் மறுத்தால் எழுத்தில் கேளுங்கள். மேல்முறையீடு செய்ய மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016இன் 59ஆம் பிரிவு இடம் தருகிறது. பொதுத்தேர்வில் கூடுதல் நேரமும் சொல்வதை எழுதுபவரும் கேட்டுப் பெறலாம். 18 வயதுக்குப் பிறகு சட்டப்படியான காப்பாளர் தேவைப்பட்டால், தேசிய அறக்கட்டளைச் சட்டம், 1999இன்படி ஆட்சியர் அங்கம் வகிக்கும் உள்ளூர்க் குழுவிடம் மனுச் செய்ய வேண்டும்.

நாளைக்கே ஓர் ஆய்வுக் குழு வந்து உங்கள் மகளின் மூளையைப் படமெடுக்க அழைக்கலாம். நான் போகாதீர்கள் என்று சொல்ல மாட்டேன். நம் பெண்கள் போகாத வரை அந்தப் படத் தொகுப்புகள் மாறப்போவதில்லை. ஆனால் நிபந்தனையோடு போங்கள். அதே 2016 சட்டத்தின் 6ஆம் பிரிவின்படி, மாற்றுத்திறனாளியை ஆய்வுக்கு உட்படுத்த அவருக்குப் புரியும் வகையில் விளக்கிப் பெற்ற சம்மதம் வேண்டும். அரசு அமைத்த ஊனமுற்றோர் ஆய்வுக் குழுவின் முன் அனுமதியும் வேண்டும். அந்தக் குழுவில் குறைந்தது பாதிப் பேர் மாற்றுத்திறனாளிகளாகவோ அவர்களின் பதிவுபெற்ற அமைப்புகளைச் சேர்ந்தவர்களாகவோ இருக்க வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2017 நெறிமுறைகள் இன்னும் ஒரு படி போகின்றன. பெற்றோர் கையெழுத்து மட்டும் போதாது. 7 வயதுக்கு மேல் பிள்ளையிடம் வாய்மொழி இசைவும், 12க்கு மேல் எழுத்து இசைவும் வாங்க வேண்டும். எப்போது வேண்டுமானாலும் விலகலாம். ஆய்வால் பாதிப்பு வந்தால் சிகிச்சையும் இழப்பீடும் உண்டு.

படிவத்தைத் தமிழில் கேளுங்கள். படம் யாரிடம் இருக்கும், பெயர் நீக்கப்படுமா, வெளிநாட்டுக்குப் போகுமா, தற்செயலாகக் கட்டியோ வேறேதுமோ தெரிந்தால் யார் நமக்குச் சொல்வார்கள் என்பதையும் கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் அனுமதி கொடுத்த நெறிமுறைக் குழுவின் பெயர் படிவத்திலேயே இருக்கும், அங்கே எழுதலாம். உரிமை மறுக்கப்பட்டால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரிடமும், சென்னையில் உள்ள மாநில ஆணையரிடமும் மனுக் கொடுக்கலாம். வக்கீல் வைக்க வசதியில்லையே என்று தயங்க வேண்டியதில்லை. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமானம் பார்க்காமல் சட்ட உதவி இலவசம். 15100க்கு அழைத்தால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு வழி சொல்வார்கள்.