வீட்டயலில் நரி: செய்யத்தக்கனவும் தகாதனவும்

வயலும் பற்றைக்காடும் குடிமனையும் நெருங்கியுள்ள ஊர்களில் மாலையில் நரி ஊளையிடுதல் புதிதன்று. மறுநாட் காலையிற் கோழிக்கூடு வெறுமையாயிருக்கக் கண்டவர், நஞ்சு வைக்கவோ சுருக்குத் தடம் கட்டவோ புறப்படுவதும் புதிதன்று. அதற்குமுன் கமக்காரர் அறியவேண்டியவை சில உள.

நரி வருவதேன்?

வயலெலி, நண்டு, பூச்சி, பழம், இறந்த பிராணிகளின் உடல் ஆகியன நரியின் உணவாகும். எலியைத் தின்பதால் அது நெற்செய்கைக்கு உதவியும் புரிகின்றது. கோழிக்குடலும் மீன்கழிவும் வேலியோரத்தில் வீசப்படுமாயின், அது வளவுக்குள் வரப் பழகிக்கொள்ளும். ஒரு நரியைக் கொன்றாலும், இரை கிடைக்குமட்டும் வேறொன்று அவ்விடத்துக்கு வரும். ஆகவே அகற்றவேண்டியது இரையையே.

வீட்டிற் செய்யவேண்டியவை

1. இறைச்சி, மீன் கழிவுகளை 2 அடி ஆழக் குழியிலிட்டு மண்ணால் மூடுக.
2. பொழுது சாயுமுன் கோழிகளைக் கூட்டில் அடைக்குக. கூட்டைச் சுற்றியுள்ள கம்பிவலை நிலத்துக்குள் 1 அடி இறங்கியிருத்தல் வேண்டும். நரி மண்ணைக் கிளறி நுழையவல்லது.
3. ஆட்டுக்குட்டிகளை இரவில் அடைப்புள்ள கொட்டிலில் விடுக.
4. நாய்க்கு வைத்த உணவின் மிச்சத்தை இரவில் வெளியே விடாதீர்.
5. வேலியடியிலுள்ள பற்றைகளை வெட்டிப் பொட்டுக்களை அடைக்குக.
6. நரிக்கு ஒருபோதும் உணவிடாதீர். வளவிற் கண்டால் தகரந் தட்டி விரட்டுக; அது ஓட வழி விடுக.

ஒரு வீட்டார் இவற்றைச் செய்து அயல் வீட்டார் செய்யாதுவிடின் பயனில்லை. அயலவர் யாவரும் கூடிப் பேசி ஒழுகுதல் நன்று.

நஞ்சும் தடமும்

நரிக்கு வைத்த நஞ்சை நாயும் பூனையும் பறவையும் உண்டு மடியும். குழந்தையின் கைக்கும் அது எட்டலாம். தடமும் ஆளறியாது. மலைநாட்டுத் தோட்டங்களிற் பன்றிக்குக் கட்டிய தடங்களிற் சிறுத்தைகள் அகப்பட்டு மாண்டதுண்டு. நரிக்கொம்பு நற்பேறு தரும் என நம்பி நரியைக் கொல்வதும் வீண் செயலே.

விசர் நோய்

கோழியின் இழப்பு சிறிது. உயிரின் இழப்பு பெரிது. பகலிற் காணும் நரியெல்லாம் விசர் கொண்டதன்று. ஆயினும் மனிதருக்கு அஞ்சாது வீட்டுக்குள் நுழைவதும், தள்ளாடுவதும், எதிர்ப்பட்டதைக் கடிப்பதும் நீர்வெறுப்பு நோயின் குறிகளாகலாம். அத்தகைய நரியைப் பிடிக்கவோ அடிக்கவோ நெருங்காதீர். பிள்ளைகளை வீட்டுக்குள் அழைத்து, பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவிக்குக. இறந்த நரியையும் வெறுங்கையால் தொடாதீர்.

நரி கடித்தாலோ கீறினாலோ, காயத்தை உடனே சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடங் கழுவுக. மஞ்சள், சுண்ணாம்பு முதலியன பூசாதீர். காயஞ் சிறிதெனினும் அன்றே அரசினர் வைத்தியசாலைக்குச் செல்லுக. நோய்க்குறி தோன்றியபின் பிழைத்தல் மிக அரிது. அதற்குமுன் முறைப்படி ஏற்றப்படும் தடுப்பூசி உயிர் காக்கும். கடியுண்ட மாடு, ஆடு, நாய் பற்றி மிருக வைத்தியருக்குத் தெரிவிக்குக. வளர்ப்பு நாய்க்கு ஆண்டுதோறும் தடுப்பூசி ஏற்றுவித்தல் வீட்டாரனைவர்க்கும் காப்பாகும்.

குப்பையை மூடி, கூட்டை அடைத்து, நாய்க்கு ஊசி ஏற்றுவித்த வளவில் நரிக்கு வேலையில்லை. அது வயலில் எலி பிடிக்கட்டும்.