அப்பத்தா சொன்ன ‘தொண்ணூத்தொம்பது’

உங்கள் தாத்தா பெயர் தெரியும். தாத்தாவின் அப்பா பெயர்? யோசிக்கிறீர்களா... பரவாயில்லை சார், நம்மில் பலர் உங்கள் கட்சிதான்!

போடிநாயக்கனூர்ப் பக்கம் “எங்க பூட்டன் மலைக்குப் போனவரு” என்று பெருமையாகச் சொல்வார்கள். மலை என்றால் போடிமெட்டுக்கு அந்தப் பக்கம், ஏலக்காய்த் தோட்டம். சரி, எப்போ போனார்? அங்கேதான் சிக்கல். அப்பத்தாவிடம் தேதி இருக்காது. “தொண்ணூத்தொம்பது வெள்ளத்துக்கு முந்தியே போயிட்டாருன்னு எங்க மாமனார் சொல்வாருடா” என்பார்.

பேரன் உடனே செல்போனை எடுத்து 1999-ல் வந்த வெள்ளத்தைத் தேடுவான். கிடைக்காது! அது கொல்லம் ஆண்டு 1099. நம் கணக்கில் 1924 ஜூலை. மூணாறைப் புரட்டிப் போட்ட வெள்ளம். அங்கிருந்து டாப் ஸ்டேஷனுக்கு ஓடிய குட்டி ரயில் அதோடு காலி. மறுபடி ஓடவே இல்லை.

ஆக, அப்பத்தாவுக்கு வருஷம் தெரியாவிட்டாலும் சம்பவம் தெரியும். வருஷத்தைக் கண்டுபிடிப்பது நம் வேலை.

இன்னொரு உதாரணம். “தாத்தா ரயில்ல வந்து போடியில இறங்கினாரு” என்றால், அது 1928-க்குப் பிறகுதான். மதுரை-போடி ரயில் வந்ததே அந்த வருஷம். “1945-ல் இறங்கினார்” என்று யாராவது அளந்தால் நம்பாதீர்கள். உலகப் போருக்காகத் தண்டவாளத்தையே பெயர்த்து எடுத்துப் போயிருந்தார்கள். திரும்பப் போட்டது 1950-களில்!

அடுத்தது டிரங்குப் பெட்டி. பழைய தோட்டப் பத்திரம் மலையாளத்தில் இருந்தால் மிரள வேண்டாம். உடும்பன்சோலைப் பக்கம் அப்போது திருவிதாங்கூர் சமஸ்தானம். 1956 நவம்பர் 1-ல் கேரளம் பிறந்தபோது அதோடு போய்விட்டது. குடும்பம் இந்தப் பக்கம், காகிதம் அந்தப் பக்கம். அதிலுள்ள கொல்லம் ஆண்டோடு 825-ஐக் கூட்டுங்கள். ஆவணி முதல் மார்கழி நடு வரை என்றால் 824. ஆங்கில வருஷம் வந்துவிடும்.

வருஷம் கிடைத்துவிட்டால் கதையாகிவிடுமா? ஆகாது. அது வெறும் பட்டியல். வைகை அணைக்காக 14 கிராமங்கள் காலியாயின. அப்படிச் சின்ன வயதில் ஊரை விட்டுக் கிளம்பியவர் வைரமுத்து. அவர் எழுதிய ‘கள்ளிக்காட்டு இதிகாசம்’ 2003-ல் சாகித்ய அகாடமி விருது வாங்கியது. அணை எந்த வருஷம் கட்டினார்கள் என்பது அரசாங்கக் காகிதத்திலேயே இருக்கிறது. வீட்டை விட்டுப் போனவன் மனசு அதில் இருக்காது.

அதனால் அப்பத்தாவிடம் பெயரை மட்டும் கேட்காதீர்கள். மலையில் குளிருக்கு எதைப் போர்த்தினார்கள்? அட்டை கடித்தால் என்ன செய்தார்கள்? முதல் சம்பளத்தில் என்ன வாங்கினார்கள்? இதெல்லாம்தான் கதை.

ஒரே ஒரு எச்சரிக்கை. தெரியாத இடத்தைக் கற்பனையால் நிரப்பினால், “இது என் கற்பனை” என்று ஒரு வரி போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் கங்காணியாக இருந்த பூட்டன், உங்கள் பேரன் காலத்தில் ஜமீன்தார் ஆகிவிடுவார்!

பத்திரம் தொலைந்தால் நகல் வாங்கலாம். அப்பத்தாவுக்கு நகல் கிடையாது. அடுத்த லீவுக்கு ஊருக்குப் போகும்போது, செல்போனில் ரெக்கார்டரைத் தட்டிவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். சீரியல் நேரத்தில் மட்டும் வேண்டாம், விரட்டிவிடுவார்!