பழைய ஜீப்பும் இரண்டு சட்டங்களும்

இந்தியாவில் ஜீப் முதன்முதலில் உருப்பெற்ற இடம் மும்பையிலுள்ள மஜ்காவ். அமெரிக்க வில்லிஸ் நிறுவனத்திலிருந்து பகுதி பகுதியாகக் கப்பலேறி வந்த வண்டிகளை, 1940-களின் பிற்பாதியில் மஹீந்திரா நிறுவனத்தார் அங்கே பூட்டி இணைத்தனர்.

அத்தகைய வண்டியொன்றைப் புதுப்பிக்க முனைவோர் முதலில் ஆராய வேண்டியது அதன் அடிச்சட்டம். மும்பையின் கடற்காற்றும் மழைக்காலமும் இரும்பை விட்டுவைப்பதில்லை. வண்ணப் பூச்சில் மயங்காமல், சுத்தியலால் மெல்லத் தட்டிப் பார்த்தல் நலம். துருவேறிய இடம் மங்கிய ஓசை தரும். உதிரிப் பாகங்களுக்குக் குர்லாவும் சோர் பஜாரும் இருக்கின்றன, பொறுமைதான் வேண்டும்.

மின்சார அமைப்பை 6 வோல்டிலிருந்து 12 வோல்டுக்கு உயர்த்துவதை நாம் ஆதரிக்கிறோம். அதே ஒளிக்குப் பாதி மின்னோட்டம் போதுமாகையால் கம்பிகளில் விரயம் குறையும். பல்பு, பாட்டரி, டைனமோ ஆகியவற்றையும் உடன் மாற்றுதல் அவசியம்.

யந்திரத்தை மாற்றுவது வேறு விஷயம். 60 குதிரைசக்தியுள்ள நான்கு சிலிண்டர் பெட்ரோல் யந்திரத்தைக் கழற்றிவிட்டு டீசல் யந்திரம் பொருத்துவது நம் நாட்டில் நெடுநாள் வழக்கம். எரிபொருட் செலவு குறைகிறது என்பது மெய்யே. ஆனால் இங்கே இன்னொரு சட்டம் குறுக்கிடுகிறது. 2021-இல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, 50 ஆண்டு கடந்த வண்டி 'விண்டேஜ்' பதிவு பெற, அதன் அடிச்சட்டமும் உடற்கூடும் யந்திரமும் மாற்றப்படாதிருக்க வேண்டும். டீசல் ஏறிய ஜீப்புக்கு அப்பதிவு கிட்டாது. பதிவு பெற்ற வண்டியையோ அன்றாடப் போக்குவரத்துக்கும் வாடகைக்கும் ஓட்டலாகாது. எனவே பழைய யந்திரத்தை இரும்பு வியாபாரியிடம் எடைக்குப் போடுமுன், வண்டி எதற்கென்று உரிமையாளர் முடிவு செய்துகொள்ளட்டும். மாற்றியே தீர வேண்டுமெனில், பதிவு அதிகாரியின் அனுமதியை முன்னதாகவே பெற வேண்டும்.