ஏழை வீட்டு அடுப்பு... இதயத்துக்குக் காப்பு!

கிரேக்கச் சாப்பாடு என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? கம்பியில் கோத்துச் சுட்ட இறைச்சி, மேலே வெள்ளை சாஸ் மூடிய கத்திரிக்காய் மூஸாக்கா... ஹோட்டல் மெனு கார்டில் இதெல்லாம்தான் இருக்கும். ஆனால் கிரேக்கப் பாட்டிமார்கள் தினமும் வீட்டில் சமைத்தது இது இல்லீங்க! மூஸாக்காவின் அந்த வெள்ளை சாஸ்கூட, செலெமென்தேஸ் என்ற சமையல் நிபுணர் 1920-களில் பிரெஞ்சுச் சமையலைப் பார்த்துப் பரப்பியதுதான்.

அப்படியானால் அசல் வீட்டுச் சாப்பாடு எது? அதற்கு நாம் கிரீட் தீவுக்குப் போக வேண்டும்.

நாக்கு கேட்டது கறி, கிடைத்தது கீரை!

1948-ம் வருடம். இரண்டாம் உலகப் போரில் நொறுங்கிப்போயிருந்த கிரீட் தீவு மக்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று அமெரிக்காவின் ராக்ஃபெல்லர் அறக்கட்டளை வீடு வீடாக ஆய்வு செய்தது. தட்டில் இருந்தவை: பார்லி ரொட்டி, பருப்பு, பயறு, மலையில் பறித்த கீரை, பழம், ஆலிவ் காய், ஆலிவ் எண்ணெய். இறைச்சி எப்போதாவதுதான். 'இந்தச் சாப்பாடு திருப்தியா?' என்று கேட்டபோது, ஆறில் ஒரு குடும்பம்தான் 'ஆமாம்' என்றது. மற்றவர்களின் ஏக்கம் கறி மீது!

பத்து வருடம் கழித்து வந்தது ஆச்சரியம். ஆன்செல் கீஸ் என்ற அமெரிக்க விஞ்ஞானி 1958-ல் ஏழு நாட்டு ஆய்வைத் தொடங்கினார். 40 முதல் 59 வயதுக்குட்பட்ட ஆண்கள் பன்னிரண்டாயிரம் பேருக்கு மேல் வருடக்கணக்கில் கவனிக்கப்பட்டார்கள். இதய நோயால் இறந்தவர்கள் மிக மிகக் குறைவாக இருந்த இடம் எது தெரியுமா? அதே கிரீட்! வெண்ணெயும் பாலும் தாராளமாகப் புழங்கிய கிழக்கு ஃபின்லாந்தில்தான் இதய நோய் மிக அதிகம்.

எண்ணெய் இவ்வளவா?

'எண்ணெயைக் குறைங்க' என்று டாக்டர் சொல்லிக் கேட்டவர்களுக்கு இங்கே ஒரு குழப்பம் வரும். கிரீட்காரர்களின் கலோரியில் சுமார் 40 சதவிகிதம் கொழுப்பிலிருந்துதான் வந்தது! ஆனால் அதில் பெரும்பகுதி ஆலிவ் எண்ணெய். நெய், வெண்ணெய், இறைச்சியில் இருக்கும் பூரிதக் கொழுப்பு இதில் குறைவு.

இன்னொன்றும் உண்டு. அந்த எண்ணெய் பொரிப்பதற்காக மட்டும் இல்லை. காய்கறியை எண்ணெய், தக்காளி, வெங்காயத்தோடு நிதானமாக வேகவைக்கும் சமையலுக்கு 'லாதெரா' என்று பெயர். 'எண்ணெயில் செய்தவை' என்று பொருள். எண்ணெய் ருசி சேர்ப்பதால், தட்டு நிறையக் காய் உள்ளே போய்விடும். போதாததற்கு, நாள் முழுக்க மேடு பள்ளத்தில் நடையும் வயல் வேலையும். உட்கார்ந்த இடத்தில் வேலை பார்க்கும் நாம் அதே அளவு எண்ணெயை ஊற்றினால் இடுப்புதான் பெருக்கும். ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெயில் சுமார் 120 கலோரி, ஞாபகம் இருக்கட்டும்!

விரதமும் ஒரு காரணம். கிரேக்க ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களுக்குப் புதன், வெள்ளி, ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு என்று வருடத்தில் பாதி நாட்கள் இறைச்சி, முட்டை, பால் கிடையாது. அந்த நாட்களில் அடுப்பில் ஏறியதெல்லாம் பயறும் கீரையும்தான்.

ஊருக்கு ஒரு ருசி

கிரீட்: கல் மாதிரி காய்ந்த பார்லி ரஸ்க்கை லேசாக நனைத்து, மேலே துருவிய தக்காளி, பாலாடைக்கட்டி, ஆலிவ் எண்ணெய். இதுதான் 'டாக்கோஸ்'. மலைக்கீரையை வேகவைத்து, எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் விட்டால் 'ஹோர்த்தா'. எந்தக் கீரையை எப்போது பறிப்பது என்பது தாயிடமிருந்து மகள் கற்ற பாடம்.

சான்டோரினி: மஞ்சள் பருப்பைக் குழைய வேகவைத்து மசித்து, பச்சை வெங்காயமும் எண்ணெயும் சேர்த்தால் 'ஃபாவா'.

எபிரஸ்: ஆட்டிடையர்கள் நிறைந்த மலைப்பகுதி. மெல்லிய மாவுத் தாள்களுக்குள் கீரையை அடைத்துச் சுடும் 'பீத்தா' இங்கே பிரபலம். கையோடு எடுத்துப் போக வசதி!

தெஸ்ஸலோனிகி: 1923-ல் துருக்கியோடு நடந்த மக்கள் பரிமாற்றத்தில் லட்சக்கணக்கானோர் கிரேக்கத்துக்கு அகதிகளாக வந்தார்கள். வடக்கே குடியேறியவர்களின் சமையலோடு சீரகமும் பட்டையும் வந்து சேர்ந்தன.

செய்து பாருங்கள்: ஃபசோலாதா (4 பேருக்கு)

தேவை: வெள்ளை பீன்ஸ் பயறு கால் கிலோ, வெங்காயம் 1, கேரட் 2, செலரித் தண்டு 2, தக்காளி 2, ஆலிவ் எண்ணெய் கால் கப், உப்பு, மிளகுத்தூள்.

செய்முறை: பயறை முதல் நாள் இரவே ஊறப் போடுங்கள். ஊறின தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் பத்து நிமிடம் நன்றாகக் கொதிக்க வைத்து, பிறகு தணலைக் குறைத்து வேகவிடுங்கள். பயறு பாதி வெந்ததும் நறுக்கிய வெங்காயம், கேரட், செலரி சேருங்கள். நன்கு மெத்தென்று ஆன பிறகே தக்காளி. முன்னாடியே போட்டால் அதன் புளிப்பில் பயறு சீக்கிரம் வேகாது. கடைசியில் உப்பு, மிளகு, எண்ணெய் சேர்த்து, கெட்டியானதும் இறக்குங்கள்.

கூடவே பாலாடைக்கட்டி, ஊறவைத்த ஆலிவ் காய் வைப்பது அவர்கள் வழக்கம். இரண்டிலும் உப்பு அதிகம். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் உஷார்!

பேரன்கள் தட்டில்...

2010-ல் மத்தியதரைக்கடல் உணவு முறையை யுனெஸ்கோ அருவப் பண்பாட்டுப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. கிரேக்கமும் அதில் ஒன்று. ஆனால் இன்று ஐரோப்பாவிலேயே அதிக எடையுள்ள குழந்தைகள் நிறைந்த நாடுகளில் கிரேக்கமும் வருகிறது! தாத்தா ஏங்கிய கறி பேரனுக்குத் தினமும் கிடைக்கிறது. தாத்தா நடந்த மலைப்பாதையில் பேரன் காரில் போகிறான்.

வறுமை திரும்பி வர வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. பசியோடு படுத்த அந்த மக்களின் வேதனை நிஜம். ஆனால் வேறு வழியில்லாமல் அவர்கள் சாப்பிட்ட பயறையும் கீரையையும் நாம் விரும்பியே சாப்பிடலாமே! வாரத்தில் இரண்டு நாள் கறிக்குப் பதில் பயறு, சாப்பிட்டபின் ஒரு நடை... அடுத்த வாரமே ஆரம்பிக்கலாமா?