நீர்க்கடுப்பும் அதன் தடுப்பும்

நமது சங்கங்களின் ஐந்தொகையில் கடனும் கையிருப்பும், சரக்கும் பாக்கியும் இடம் பெறுகின்றன. அங்கத்தினர் இல்லங்களில் நோயினால் வீணாகும் வேலை நாட்களுக்கு அதில் இடமில்லை. ஆயினும் நெசவாளருக்கு நூலும், விவசாயிக்கு விதையும் எத்துணை முக்கியமோ, உடல் நலமும் அத்துணை முக்கியமான முதலேயாகும். அம்முதலை அரிக்கும் நோய்களுள், வெளியில் சொல்லக் கூசிப் பலரும் மறைத்துவைப்பது நீர்க்கடுப்பு. பெண்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் வாழ்நாளில் ஒரு முறையேனும் இதனால் துன்புறுகின்றனர். எனவே இதைப் பற்றிக் கூச்சமின்றி அறிந்துகொள்வது அவசியம்.

நோயின் காரணம்

சிறுநீர் கழிக்கையில் எரிச்சல், அடிக்கடி போகவேண்டுமென்ற உந்துதல், போனாலும் சில துளிகளே வெளிவருதல், அடிவயிற்றில் வலி, சிறுநீர் கலங்கி நாற்றமடித்தல் ஆகியவை இந்நோயின் குறிகள். "உடம்பில் சூடு பிடித்துக்கொண்டது" என்று நம் மக்கள் இதற்குக் காரணம் கூறுவர். கோடையில் வியர்வை மிகுந்து, நீர் குறைந்து, சிறுநீர் செறிவுற்றாலும் சிறிது எரிச்சல் உண்டாவது மெய்யே. அது தண்ணீர் அருந்தியவுடன் தணிந்துவிடும். தணியாமல் நீடிக்கும் கடுப்புக்குப் பெரும்பாலும் காரணம் கிருமியே.

நமது குடலில் இயற்கையாக வாழும் 'ஈ. கோலை' என்னும் கிருமியே பத்தில் ஏழு, எட்டு பேருக்கு இந்நோயை உண்டாக்குகிறது. குடலில் இருக்கும்வரை அதனால் பெரும்பாலும் தீங்கில்லை. சிறுநீர்ப்பையை அடைந்தால் தீங்கு விளைகிறது. சிறுநீர் வெளிவரும் குழாய் ஆண்களுக்குச் சுமார் 20 சென்டிமீட்டர் நீளமுடையது. பெண்களுக்கோ 4 சென்டிமீட்டர்தான். வழி குறுகியதாகையால் கிருமி எளிதில் மேலேறிவிடுகிறது. பெண்களை இந்நோய் மிகுதியும் பற்றுவதன் இரகசியம் இதுவே.

இவ்வாறு ஏறும் கிருமியை வெளியேற்ற இயற்கை அமைத்துள்ள சாதனம் சிறுநீரே. அவ்வப்போது வெளியாகும் நீர், வாய்க்காலில் ஓடும் நீர் குப்பையை அடித்துச் செல்வதுபோல், கிருமியையும் அடித்துச் செல்லும். நீர் தேங்கினாலோ, கிருமி பெருகத் தொடங்கும்.

நம் தொழில்களும் இந்நோயும்

காலையில் தறிக்குழியில் இறங்கியவர், முழக்கணக்கில் கூலி பெறுவதால், எழுந்திருக்க மனமின்றி உச்சிப்பொழுது வரை அமர்ந்திருக்கிறார். தார் சுற்றும் பெண்ணின் நிலையும் அதுவே. நடவுக்கும் களை பறிப்புக்கும் செல்லும் பெண்டிர்க்கு வயல்வெளியில் மறைவிடம் கிடையாது. ஆகவே அவர்கள் ஓர் உபாயம் செய்கின்றனர்: காலை முதலே தண்ணீர் அருந்துவதைக் குறைத்துக்கொள்கின்றனர். மானத்தைக் காக்கச் செய்யும் இவ்வுபாயம் உடலைக் கெடுக்கிறது.

தண்ணீரின் பயனை வெறும் அனுமானமாகக் கொள்ளவேண்டியதில்லை. பல்கேரியா நாட்டில் நடைபெற்று 2018 ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆராய்ச்சியில், அடிக்கடி இந்நோய்க்கு ஆளாகும் 140 பெண்கள் பங்குபெற்றனர். அவர்கள் யாவரும் குறைவாகத் தண்ணீர் அருந்துபவர்கள். அவர்களில் ஒரு பாதியினர் வழக்கத்திற்கு மேல் நாளொன்றுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர் கூடுதலாக அருந்திவந்தனர். ஓராண்டில் இவர்களுக்குச் சராசரி 1.7 தடவையும், வழக்கம்போலிருந்த மற்றவர்களுக்கு 3.2 தடவையும் நோய் கண்டது. காசு செலவில்லாத இம்மருந்து நோயை ஏறக்குறைய பாதியாகக் குறைத்திருக்கிறது.

தடுக்கும் முறைகள்

1. தறியருகிலும் வரப்பிலும் ஒரு செம்புத் தண்ணீர் எப்போதும் இருக்கட்டும். சிறுநீர் வெளிர்மஞ்சளாக வெளியாகும் அளவுக்கு அருந்துதல் வேண்டும். நீர்மோரும் கஞ்சியும் நன்றே. இருதய நோயோ சிறுநீரக நோயோ உள்ளவர்கள் மட்டும் அளவை டாக்டரிடம் கேட்டறிக.

2. உந்துதலை அடக்கலாகாது. மூன்று, நான்கு மணிக்கொருமுறையேனும் எழுந்து சென்று, முழுவதும் கழித்து வருக.

3. மலம் கழித்தபின் பெண்கள் முன்புறமிருந்து பின்புறமாகவே கழுவுதல் வேண்டும். பெண் குழந்தைகளுக்கும் இதைப் பழக்குக. உள்ளுறுப்பைச் சோப்பினாலோ கிருமிநாசினியினாலோ கழுவுவது எரிச்சலையே தரும்.

4. தாம்பத்திய உறவுக்குப் பின் சிறுநீர் கழித்தல் நலம்.

5. உள்ளாடை பருத்தியாயிருக்கட்டும். மாதவிலக்குக் காலத்துத் துணியைக் காலந்தாழ்த்தாமல் மாற்றி, துவைத்து வெயிலில் உலர்த்துக.

6. மலச்சிக்கல் நேராதபடி கீரையும் காய்களும் உண்க.

நோய் கண்டபோது

தண்ணீரும் நீராகாரங்களும் மிகுதியாக அருந்தி, அடிவயிற்றில் இதமான வெந்நீர் ஒற்றடம் கொடுத்தால் வேதனை தணியும். பார்லி நீர் அருந்துவதில் தவறில்லை. ஆயினும் அது கிருமியைக் கொல்லும் மருந்தன்று, உடலுக்கு நீர் சேர்க்கும் பானமே. ஓரிரு நாட்களில் குணம் காணாவிடில் ஆரம்ப சுகாதார நிலையத்தை நாடுக. கிருமிக்கொல்லி மருந்தைத் தொடங்குமுன் சிறுநீரைச் சோதனைக்குக் கொடுப்பது நன்று. முதலில் வரும் நீரை விட்டு, இடையில் வருவதைச் சுத்தமான புட்டியில் பிடிக்கவேண்டும்.

குளிர் சுரம், விலாவிலோ முதுகிலோ வலி, வாந்தி, சிறுநீரில் இரத்தம் ஆகியவை கண்டால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது. நோய் சிறுநீரகத்தை எட்டியிருக்கக்கூடும். கர்ப்பிணிகள், குழந்தைகள், முதியோர், நீரிழிவுக்காரர், ஆண்கள் ஆகியோர் கைவைத்தியத்தில் காலம் கழிக்காமல் உடனே டாக்டரைக் காணவேண்டும். கர்ப்பிணிகளில் நூற்றுக்கு 2 முதல் 10 பேர் வரை, யாதொரு குறியுமின்றியே சிறுநீரில் கிருமியுடன் இருப்பர். சிகிச்சை செய்யாவிடில் அது சிறுநீரகத்தைத் தாக்கி, குறைப்பிரசவத்துக்கும் காரணமாகலாம். ஆதலின் கர்ப்பகாலச் சோதனையைத் தவறவிடலாகாது.

கடைக்காரர் கொடுத்ததையும், அண்டை வீட்டார் மீத்து வைத்ததையும் விழுங்குவது நம்மிடையே பரவியுள்ள தீய வழக்கம். தவறான மருந்தாலும் அரைகுறை மருந்தாலும் கிருமி சாகாது தேறி, பின்னர் நல்ல மருந்துக்கும் அடங்காததாகிவிடும். டாக்டர் குறித்த மருந்தை, குறித்த நாட்கள் முழுவதும் உட்கொள்க. நோய் மீண்டும் மீண்டும் வருமாயின் இரத்தத்தில் சர்க்கரையையும் சோதித்தறிக.

சங்கங்களின் கடமை

தண்ணீர் அருந்தச் சொல்லிவிட்டு, ஒதுங்க இடமளிக்காவிடில் நம் உபதேசம் பயனற்றதாகும். வேலை செய்வோர்க்குக் குடிநீரும், ஆண் பெண் இருபாலார்க்கும் தனித்தனிக் கழிப்பிடமும் வேண்டுமென்று 1948 ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே விதித்தது. சிறு கொட்டகைகள் அச்சட்டத்தின் வரம்புக்கு வெளியே நின்றிருக்கலாம். உடலுக்கு அவ்வரம்பு தெரியாது. பல சங்கங்களில் சரக்கறைக்குப் பூட்டு உண்டு, தண்ணீரும் தாழ்ப்பாளும் உள்ள கழிப்பறை இல்லை. கட்டிய கழிப்பறையும் சில இடங்களில் விறகறையாக மாறியிருக்கிறது.

துணைவிதிகள் இடந்தரும் சங்கங்கள், பொது நன்மைக்கென ஒதுக்கும் தொகையை முதலில் இதற்குச் செலவிடலாம். தறிக்கூடத்திலும், விவசாயிகள் கூடும் கொள்முதல் நிலையத்திலும் ஒரு கழிப்பறை, ஒரு தண்ணீர்த் தொட்டி, அவற்றைத் துப்புரவாக வைத்திருக்க ஒரு மாதச் சம்பளம் ஆகிய மூன்றுமே தேவை. இவற்றை அடுத்த பொதுப்பேரவைக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் சேர்க்குமாறு கோர அங்கத்தினர் எவர்க்கும் உரிமை உண்டு. பெண் அங்கத்தினர்கள் கூச்சம் நீங்கி அக்கோரிக்கையை எழுப்புவார்களாக. ஆண் அங்கத்தினர்கள் அதை ஆதரிப்பார்களாக.