மகனை விடாத தாயும் மகனைக் காணாத தகப்பனும்

ஆஸ்திரேலியாவின் கிழக்குக் காடுகளில் பழுப்பு ஆன்டிகைனஸ் என்றொரு குட்டி வேட்டை விலங்கு இருக்கிறது. பார்த்தால் எலி என்றே தோன்றும். உண்மையில் அது கங்காருவைப் போல வயிற்றில் குட்டிகளை ஒட்டவைத்து வளர்க்கும் பைப்பாலூட்டி. இரவில் சிலந்தி, வண்டு, பூச்சிகளைப் பிடித்துத் தின்னும். குளிர்காலத்தில் சுமார் இரண்டு வாரம் இனச்சேர்க்கை நடக்கும். அது முடிந்ததும் அந்தக் காட்டில் வளர்ந்த ஆண் ஒன்றுகூட மிஞ்சாது. ஒரு வயது நிறைவதற்குள் எல்லாம் செத்துவிடும்.

கொல்வது வேறு விலங்கல்ல, அவற்றின் உடம்பேதான். அந்த நாட்களில் ரத்தத்தில் கார்ட்டிசால் என்ற அழுத்த ஹார்மோன் பெருகி, கட்டுக்கடங்காமல் போகிறது. நோய் எதிர்ப்புச் சக்தி குலைகிறது, குடலில் புண் வருகிறது, ஒட்டுண்ணிகள் பெருகுகின்றன. விதை நீக்கப்பட்ட ஆண்கள் இந்தச் சாவிலிருந்து தப்புவதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள்.

ஏன் இத்தனை அவசரம்? பூச்சிகள் பெருகும் பருவத்தில் குட்டிகள் பால்குடி மறக்க வேண்டும். அதனால் பெண்கள் எல்லாம் ஒரே சமயத்தில் சினையாகின்றன. ஆண்களுக்குக் கிடைப்பது ஒரே வாய்ப்பு. இருப்பதையெல்லாம் அதிலேயே கொட்டிவிடுகின்றன. குட்டிகள் பிறக்கும்போது தகப்பன் இல்லை.

கனடா, அமெரிக்கா எல்லையில் வான்கூவர் தீவை ஒட்டிய கடலில் கதை நேர்மாறு. அங்கே சால்மன் மீனை நம்பி வாழும் ஓர்கா திமிங்கிலங்களில், பல டன் எடையுள்ள மகன் சாகும்வரை தாயின் கூட்டத்திலேயே இருக்கிறான். பிடித்த மீனைக் கடித்து, வளர்ந்த மகனுக்கும் தாய் பங்கு தருகிறாள். அதற்கு அவள் கொடுக்கும் விலையும் பெரிது: மகன் இருக்கும் தாய் அடுத்த குட்டி ஈனும் வாய்ப்பு ஏறக்குறைய பாதியாகிறது என்று 2023-இல் வெளியான ஆய்வு சொல்கிறது.

நாற்பது வயதையொட்டி ஈனுவது நின்ற பிறகும் பெண் ஓர்கா பல பத்தாண்டுகள் வாழ முடியும். சால்மன் குறையும் ஆண்டுகளில் கூட்டத்துக்கு முன்னே நீந்துவது பெரும்பாலும் இந்த மூத்த பெண்களே. தாய் இறந்துவிட்டால், முப்பது தாண்டிய மகனும் அடுத்த ஓராண்டுக்குள் சாகும் ஆபத்து பல மடங்கு கூடுகிறது.

ஆக, ஒன்றுக்கு ஆண்டுதோறும் தவறாமல் வரும் பூச்சிப் பருவம். மற்றதற்கு எங்கே, எப்போது வரும் என்று பழகித் தெரிந்துகொள்ள வேண்டிய மீன். இரண்டின் ஆயுளையும் இவ்வளவு தூரம் பிரித்ததில் இந்த இரைக்கும் பங்கிருக்கலாம்.

இப்போது அந்த மீனுக்கே தட்டுப்பாடு. அணைகளாலும் ஆறுகளின் சீரழிவாலும் சினூக் என்ற வகை சால்மன் குறைந்துவிட்டது. அங்குள்ள தெற்குக் கூட்டத்தில் மிஞ்சியிருப்பவை சுமார் 75 ஓர்காக்கள். 2008 முதல் 2014 வரை அவற்றின் கர்ப்பங்களில் மூன்றில் இரண்டு பங்கு குட்டியாக முடியவில்லை; அதற்கு முக்கியக் காரணம் பட்டினி என்று ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள்.